உத்தரவு கேட்ட நந்தனார்: கோபாலகிருஷ்ண பாரதியாரின் வாழ்வும் வாக்கும்

விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு மார்க்கமாகக் கிழக்கே செல்லும் சாலையில் கம்மாபுரம் என்னும் ஊர் இருக்கிறது. அந்தச் சாலையைப் பிடித்துப் போனால் சிதம்பரம் போய்ச் சேரலாம். பின்னால் விட்டு வந்த விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலுக்கும், பிற்காலத்தில் பீங்கான் தொழிலுக்கும் பெயர் பெற்றது. முன்னால் இருக்கும் சிதம்பரமோ நடராஜப் பெருமானின் ஆனந்த நடனத்துக்குப் பெயர் பெற்றது. நடுவிலுள்ள இவ்வட்டாரம் உழுது பிழைக்கும் ஜனங்களின் பூமி. மார்கழித் திருவாதிரை வந்துவிட்டால் இப்பக்கத்து ஊர்களிலிருந்து தில்லைக்குப் புறப்படுகிறவர்கள் பலர். அவர்கள் யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. பஸ் கட்டணம் கையில் இருந்தால் போதும்.

இதே தில்லைக்குப் போய்வர ஒரு பண்ணையாள் தன் எஜமானரிடம் கைகட்டி நின்று உத்தரவு கேட்ட கதையைத் தமிழ்நாடு நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடிக்கொண்டும் கேட்டுக்கொண்டும் வந்திருக்கிறது. அந்தக் கதையை அந்த உருவத்தில் நமக்குக் கொடுத்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். சங்கீத மும்மூர்த்திகளின் பெயர் தெரிந்த வீடுகளில் இவர் பெயரும் தெரியும். ஆயினும் இவர் நமக்குச் செய்துவைத்த காரியம் இன்னதென்பதை எத்தனை பேர் நின்று யோசித்திருக்கிறோம்? இனிய ராகங்களில் பக்திப் பாடல்கள் பாடினார் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அது பாதி உண்மைதான். மறு பாதியை இங்கே சொல்ல முயல்வோம்.

நரிமணத்திலிருந்து ஆனந்ததாண்டவபுரம் வரை

நாகப்பட்டினத்துக்கு அருகிலுள்ள நரிமணம் என்ற கிராமத்தில், 1810ஆம் ஆண்டையொட்டிக் கோபாலகிருஷ்ணர் பிறந்தார். பரம்பரையாகச் சங்கீதமும் கவித்துவமும் வாய்ந்த குடும்பம். பாரதி என்ற பட்டமே அதற்குச் சாக்ஷி. பிற்பாடு முடிகொண்டானிலும், அதன் பின் மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்திலும் அவர் வசித்தார். அவ்வூரில் அண்ணு ஐயர் என்ற மிராசுதார் அவரை ஆதரித்துவந்தார். தில்லைக் கூத்தனின் ஆனந்த நடனத்தையே ஆயுள் முழுதும் பாடப்போகிறவருக்கு அந்த ஊரின் பெயரே பொருத்தமாக அமைந்ததென்று சொல்லலாம்.

அவர் விவாகம் செய்துகொள்ளவில்லை. கோவிந்த யதி என்ற பெரியாரிடம் வேதாந்தமும் யோகமும் பயின்றார். திருவிடைமருதூரில் அக்காலத்தில் தங்கியிருந்த மராட்டிய அரச குடும்பத்தின் ஆதரவில் பல தேசத்து வித்துவான்கள் கூடியிருந்தார்கள். அங்கே ராமதாஸ் என்பவரிடம் ஹிந்துஸ்தானி சங்கீதம் கற்றுக்கொண்டார். கனம் மார்க்கத்தில் பெரும் புகழ்பெற்ற கனம் கிருஷ்ணையரின் பாட்டையும் நெருங்கிக் கேட்டார். ஆகவே, தென்னாட்டுக் கீர்த்தனம், வடநாட்டு ராகம், மராட்டியக் கதா கீர்த்தன முறை, கிராமத்து ஜனங்கள் பாடும் சிந்து என்னும் நான்கும் அவர் காதில் ஏறியிருந்தன. சோழ தேசத்தில் அந்நாளில் இந்த நான்கும் ஒரே தெருவில் ஒலித்தன என்பதும் உண்மையே. ஆனால் நான்கையும் ஒரே நூலில் சேர்க்கத் துணிந்தவர்கள் அதிகம் பேர் இல்லை.

ஓர் இரவில் ஓர் ஆபோகி

பாரதியாரின் திறமைக்கு ஓர் உதாரணம் கர்ண பரம்பரையாக வழங்கி வருகிறது. ஒரு சமயம் அவர் திருவையாற்றுக்குப் போயிருந்தார். தியாகராஜ சுவாமிகளைத் தரிசிக்க வேண்டுமென்பது நோக்கம். எந்த ஊர் என்று சுவாமிகள் விசாரித்தார். மாயூரத்துப் பக்கம் என்று பதில் வந்தது. அங்கே கோபாலகிருஷ்ண பாரதி என்று ஒருவர் இருக்கிறாராமே, தெரியுமா என்று சுவாமிகள் கேட்டார். எதிரே நின்றவர் அடக்கத்துடன் தாமே அவர் என்று தெரிவித்துக்கொண்டார்.

அப்பொழுது சுவாமிகளின் சிஷ்யர்கள் ஆபோகி ராகத்தில் ஒரு கீர்த்தனத்தைப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆபோகியில் நீங்கள் ஏதாவது செய்திருக்கிறீர்களா என்று சுவாமிகள் வினவ, பாரதியார் மௌனமாக இருந்துவிட்டார். மறுநாட் காலையில் வந்து, சபாபதியைக் குறித்த ஓர் ஆபோகிக் கீர்த்தனத்தைப் பாடிக் காட்டினார். அந்த இரவிலே இயற்றியது அது. இன்றைக்கும் கச்சேரி மேடைகளில் அந்தக் கீர்த்தனம் உயிரோடிருக்கிறது. தியாகராஜ சுவாமிகள் 1847ஆம் ஆண்டில் ஸித்தியடைந்தார். எனவே இது பாரதியாரின் இளமைக் காலத்து நிகழ்ச்சி. நந்தன் சரித்திரம் அச்சேறுவதற்கு முன்னரே அவருடைய பெயர் காவிரிக்கரையில் பரவியிருந்ததென்பது இதனால் புலப்படுகிறது.

சேக்கிழார் சொல்லாத வேதியர்

இனி, நந்தன் சரித்திரத்துக்கு வருவோம். திருநாளைப்போவார் என்ற பெயரால் நந்தனாரைச் சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத் தொகையில் குறிப்பிட்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் அவர் வரலாற்றை விரித்துரைத்தார். கொள்ளிடக்கரையைச் சார்ந்த ஆதனூரில், புலைப்பாடியிலே பிறந்தவர் அவர். கோயில்களிலுள்ள பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்துத் தொண்டு செய்தார். திருப்புன்கூரில் அவர் தரிசிப்பதற்காக நந்தி விலகியது. தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லி நாட்கள் கழிந்தன. கடைசியில் தில்லையை அடைந்து, எல்லையிலேயே நின்று வலம்வந்து ஏங்கினார். இறைவன் கனவிலே தோன்றிப் பணித்தபடி வேள்வித்தீயில் மூழ்கி, முனிவர் திருக்கோலத்துடன் எழுந்தார்.

இவ்வளவுதான் புராணம். இதில் எஜமானர் இல்லை. நிலம் இல்லை. உத்தரவு கேட்பதும் இல்லை. நந்தனார் ஏன் நாளை, நாளை என்று தள்ளிப் போட்டார்? தம் குலத்துக்குத் தில்லை உரியதன்று என்ற அச்சமே காரணம் என்பது சேக்கிழார் வாக்கின் போக்கு.

பாரதியார் இந்த இடத்தில்தான் கை வைத்தார். நந்தனாரை அவர் ஒரு பண்ணையாள் ஆக்கினார். ஒரு வேதியரை நிலச்சொந்தக்காரராகக் கொண்டுவந்து எதிரே நிறுத்தினார். மார்கழித் திருவாதிரைக்குப் போய்வர நந்தன் உத்தரவு கேட்கிறான். வேதியர் சினந்து வைகிறார். உன் குலத்துக்கு இது தகுமா என்று ஏளனம் செய்கிறார். சேரியில் உள்ள பெரியவர்களும் நந்தன் பக்கம் இல்லை. நமக்கு நம்முடைய சாமிகள் போதாவா என்று அவர்கள் கேட்கிறார்கள். இறுதியில், நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு அறுவடை முடித்துவிட்டுப் பிறகு போ என்று வேதியர் ஒரு நிபந்தனை விதிக்கிறார். ஒரு வேலி என்பது ஏறக்குறைய 6⅔ ஏக்கர். ஆகவே நாற்பது வேலி 266 ஏக்கருக்கு மேல். ஒரு மனிதனுக்கு இட்ட வேலை இது! இறைவன் அருளால் ஒரே இரவில் பயிர் விளைந்து நிற்கிறது. விடியற்காலையில் அதைக் கண்ட வேதியர் அகந்தை நீங்கி, தம் பண்ணையாளின் காலிலே விழுகிறார்.

இந்தப் பகுதி முழுவதும் பாரதியாரின் சிருஷ்டி. இதற்கு வேண்டிய சரக்கைத் தேடி அவர் வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. தஞ்சை ஜில்லாவில் அவர் கண்முன்னே பண்ணையாட்கள் இருந்தார்கள். அடிமை முறையைக் கோர்ட்டுகள் ஒப்புக்கொள்ளலாகாது என்று 1843ஆம் ஆண்டில் கும்பினி சர்க்கார் சட்டம் செய்தது. ஆனால் கடனும், குடியிருக்கும் மனையும், பழக்கமும் சேர்ந்து அவர்களை நிலத்தோடு கட்டியே வைத்திருந்தன. மிராசுதார்களின் வீடுகளிலே உண்டு, அவர்கள் கூடங்களிலே பாடியவர் பாரதியார். குலத்தாலும் அவர் அந்தணர். அப்படிப்பட்டவர், தம்மை ஆதரித்த வர்க்கத்தைச் சேர்ந்த ஒருவரையே கதையின் நடுவில் நிறுத்தி, அவர் வாயிலிருந்து வரும் கடுஞ்சொற்களை அப்படியே இசையமைத்துப் பாடினார். கேட்டவர்கள் சிரித்திருக்கலாம், கண்ணீர் விட்டிருக்கலாம்; ஆனால் தங்களை அடையாளம் கண்டுகொள்ளாமல் இருந்திருக்க முடியாது. நந்தனுக்குத் தடை கோயில் வாசலில் மட்டும் இல்லை, வயலிலேயே தொடங்குகிறது என்பதைத் தமிழில் பாட்டாகச் சொன்ன பெருமை இவருடையது.

திண்ணையிலே கிடைத்த பாயிரம்

நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் நந்தன் சரித்திரம் காலக்ஷேபமாக நடந்தபொழுது ஜனங்கள் திரள் திரளாகக் கூடினார்கள். காரைக்காலில் உத்தியோகம் பார்த்துவந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரும் கேட்டு மகிழ்ந்து, அதை அச்சிடத் துணைபுரிந்தார். 1860களின் தொடக்கத்தில் நூல் வெளிவந்தது. அந்நாளில் ஒரு தமிழ் நூல் வெளிவர வேண்டுமானால் பெரும்புலவர் ஒருவரின் சிறப்புப் பாயிரம் வேண்டும். மாயூரத்தில் வசித்துவந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பாரதியார் அணுகினார்.

பிள்ளையவர்கள் இசையவில்லை. சேக்கிழார் வாக்குக்கு மாறாகக் கதை போகிறது. சொற்களில் இலக்கணப் பிழைகள் மலிந்திருக்கின்றன. இந்த இரண்டும் அவருக்கு மனத்தடை. ஆயிரக்கணக்கான செய்யுட்களைப் பிழையின்றி இயற்றிய அவர், சேக்கிழாரிடம் பேரன்பு பூண்டவர் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. பாரதியார் பலமுறை வந்து போனார். ஏதேனும் ஒரு காரணம் சொல்லி அவர் திருப்பி அனுப்பப்பட்டார்.

ஒருநாள் பாரதியார் வந்தபோது பிள்ளையவர்கள் உள்ளே இளைப்பாறிக் கொண்டிருந்தார். பாரதியார் வெளித்திண்ணையில் உட்கார்ந்து, நந்தன் சரித்திரத்துக் கீர்த்தனம் ஒன்றைத் தம்மை மறந்து பாடத் தொடங்கினார். உள்ளே இருந்தவர் கேட்டார். பிழை எங்கே, புராணத்துக்கு மாறுபாடு எங்கே என்று தேடும் நிலை போய்விட்டது. கண்ணீர் பெருக வெளியே வந்தார். இவ்வளவு நாள் அலைக்கழித்ததற்கு வருந்திப் பாயிரச் செய்யுளை அளித்தார்.

இந்த நிகழ்ச்சியைச் சிலர் பாட்டு இலக்கணத்தை வென்ற கதையாகச் சொல்லுவார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளையவர்கள் கண்ட குறைகள் உண்மையான குறைகளே; பாயிரம் கொடுத்தபிறகும் அவை நூலில் இருக்கின்றன. ஆனால் அவர் குறையென்று எண்ணியவற்றில் ஒன்று, அதாவது சேக்கிழாரை விட்டு விலகியது, அந்த நூலுக்கு உயிராக அமைந்தது. வேதியரையும் நாற்பது வேலியையும் எடுத்துவிட்டால் நந்தன் சரித்திரத்தில் எஞ்சுவது என்ன? அழகிய பக்திப் பாடல்கள் எஞ்சும், கதை எஞ்சாது.

கார்குடியில் படித்த மாணாக்கர்

இந்தச் செய்திகளெல்லாம் நமக்குக் கிடைத்தது மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரின் புண்ணியத்தால். ஏட்டுச் சுவடிகளிலிருந்து சங்க நூல்களை மீட்டுத் தந்த அப்பெரியாருக்கும் இந்த விருத்தாசலம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. இளமையில் தமிழ் கற்பிக்கத் தக்க ஆசிரியரைத் தேடி அவருடைய தகப்பனார் ஊர் ஊராக அவரை அழைத்துப் போனார். அப்படிப் போனபொழுது, விருத்தாசலத்தை அடுத்த கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார் என்பவரிடம் அவர் நன்னூல் பாடங் கேட்டார். அந்த இலக்கண அடிப்படையோடு 1871ஆம் ஆண்டில், பதினேழாம் பிராயத்தில், மாயூரம் சென்று பிள்ளையவர்களின் மாணாக்கரானார்.

அதே மாயூரத்தில்தான் முதியவராகப் பாரதியாரும் இருந்தார். ஐயரின் தகப்பனார் கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் பயின்றவர். ஆகையால் மகன் தமிழோடு சங்கீதத்தையும் விடாமல் பயில வேண்டுமென்று விரும்பி, அவரைப் பாரதியாரிடம் சேர்த்தார். சில காலம் அந்தப் பாடமும் நடந்தது. விஷயம் தெரிந்த பிள்ளையவர்கள், சங்கீதத்தில் மனம் ஈடுபட்டால் இலக்கண இலக்கியப் பயிற்சி ஆழமாக அமையாது என்ற தம் கருத்தைத் தெரிவித்தார். மாணாக்கர் சங்கீதப் பாடத்தை நிறுத்திக்கொண்டார்.

தமிழுக்கு அது லாபமே. ஆனால் அந்தச் சில காலப் பழக்கம் வீண்போகவில்லை. சுமார் அறுபது ஆண்டுகள் கழித்து, 1930களில், ஐயரவர்கள் பாரதியாரின் சரித்திரத்தைத் தனி நூலாக எழுதி வெளியிட்டார். இலக்கணத்துக்காக இசையை விட்ட மாணவரே அந்த இசைப்புலவரின் வாழ்க்கையை மறதியிலிருந்து காப்பாற்றினார். அவர் எழுதாமல் இருந்திருந்தால் பாரதியாரின் பெயரும் பாட்டும் மட்டும் இருக்கும். மனிதர் இருந்திருக்க மாட்டார்.

சொல் நின்றது, மெட்டு மாறியது

பாரதியார் நந்தன் சரித்திரத்தோடு நிற்கவில்லை. திருநீலகண்ட நாயனார், இயற்பகை நாயனார், காரைக்காலம்மையார் ஆகியோரின் சரித்திரங்களையும் கீர்த்தனங்களாகப் பாடினார். தனிக் கீர்த்தனங்களும் பல. ஆனால் நந்தன் சரித்திரத்தில் அவர் கையாண்ட உருவங்களின் பெருக்கு வேறெங்கும் இல்லை. விருத்தம், கீர்த்தனம், கண்ணி, சிந்து, நொண்டிச் சிந்து, தண்டகம், இருசொல் அலங்காரம் என்று கதை போகிற போக்குக்கு ஏற்றபடி பாட்டு வேஷம் மாறுகிறது. இருவர் வாதாடும் இடத்தில் மாறி மாறி வரும் குறுகிய அடிகள். உள்ளம் கரைந்து நிற்கும் இடத்தில் மாஞ்சி ராகத்தில் 'வருகலாமோ' போன்ற சௌக்க காலக் கீர்த்தனம். பாத்திரம் யாரோ அவருக்குரிய பாஷையிலே பாட்டு நடக்கிறது. பிள்ளையவர்களுக்கு உறுத்திய கொச்சைச் சொற்கள் பல இவ்வாறு வந்தவையே.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். பாரதியார் பாடிய மெட்டுக்கள் பல அப்படியே நமக்கு வந்து சேரவில்லை. அவற்றை ஸ்வரப்படுத்தி உடனே எழுதி வைக்கும் பழக்கம் அந்நாளில் பரவலாக இல்லை. பாகவதர்களும் நாடகக்காரர்களும் தத்தமக்கு உகந்த ராகங்களில் மாற்றிப் பாடினார்கள். நூலில் சாகித்தியம் நின்றது. ராகம் வாய்க்கு வாய் மாறியது.

இதற்கு நேர்மாறான ஒன்று மத்திய ஆசியாவில் நிகழ்ந்தது. புகாரா நகரத்தில் 'ஷாஷ்மகாம்' என்ற ஆறு பெரும் பகுதிகள் கொண்ட சாஸ்திரிய சங்கீதம் உண்டு. அதுவும் குரு பாடச் சிஷ்யர் கேட்டுக் கற்று வந்த வித்தையே. 1923ஆம் ஆண்டில் உஸ்பென்ஸ்கி என்ற ருஷ்ய சங்கீத வித்துவான் அங்கேயுள்ள முதிய பாடகர்களைப் பாடச் சொல்லிக் கேட்டு மேனாட்டு முறையில் ஸ்வரப்படுத்தினார். மறு ஆண்டில் அது அச்சாயிற்று. ஆனால் பாட்டின் சொற்கள் இல்லாமல் வெளிவந்தது. அவர்களுக்கு மெட்டு மிஞ்சிச் சொல் விடுபட்டது. நமக்குச் சொல் மிஞ்சி மெட்டு நழுவியது. எது விடுபட்டாலும் நஷ்டமே. ஆயினும் நந்தன் சரித்திரத்தைப் பொறுத்தவரையில், இரண்டில் ஒன்றுதான் நிற்கும் என்றால் சொல் நின்றது நம் பாக்கியம். அந்தச் சொல்லில்தான் வழக்கே இருக்கிறது.

மெட்டு செய்த தேச சேவை

சில மெட்டுக்கள் ஜனங்களின் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தன என்பதற்கு வேறொரு பாரதியாரே சாக்ஷி. கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்ட 1908ஆம் ஆண்டையொட்டிய காலம். சுயராஜ்யம் வேண்டுமென்று கேட்கும் பாரதவாசியை ஓர் ஆங்கில உத்தியோகஸ்தன் ஏளனம் செய்வதாகச் சுப்பிரமணிய பாரதியார் ஒரு பாட்டுப் பாடினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட வர்ணமெட்டும் கருத்தும் எவை தெரியுமா? நந்தனை வேதியர் இகழ்ந்து பாடும் பாட்டின் மெட்டும் கருத்துமே.

இதன் கூர்மையைக் கவனிக்கவேண்டும். நந்தன் சரித்திரம் கேட்டுப் பழகிய ஒவ்வொரு வீட்டிலும் அந்த மெட்டுத் தெரியும். அதைப் பாடுகிற எஜமானர் யாரென்றும் தெரியும். இப்போது எஜமானர் இடத்தில் ஆங்கிலேயன் நிற்கிறான். கைகட்டி நிற்கும் நந்தன் இடத்தில் நாம் எல்லோரும் நிற்கிறோம், நேற்றுவரை வேதியராக இருந்தவர் உட்பட. விடுதலை கேட்கும் தேசம் தான் பிறருக்கு மறுத்த விடுதலையை நினைத்துப் பார்க்க வேண்டும் என்ற பாடம், ஒரு பிரசங்கமும் இல்லாமல், அந்த மெட்டிலேயே அடங்கியிருந்தது.

அதன்பின் நந்தனார் பெயர் தேசத்தின் பொதுச்சொத்தாயிற்று. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் முதலிய காலக்ஷேப வித்துவான்கள் சரித்திரத்தை ஊரெங்கும் பரப்பினார்கள். 1916ஆம் ஆண்டில் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, நந்தனாரின் குலத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புக்கு வழி செய்தார். தில்லைக்குள் வரலாமா என்று ஒருவர் ஏங்கிய நகரத்தில், அவர் பெயராலேயே பள்ளிக்கூடக் கதவு திறந்தது. 1927ஆம் ஆண்டில் சிதம்பரம் வந்த காந்தியடிகள் நந்தனாரைச் சத்தியாக்கிரகிகளுள் ஒருவராகவே கருதிப் போற்றினார். ஆரவாரத்தால் அல்ல, தம்மைத் தாமே வருத்திக்கொள்ளும் தூய வழியால் தடைகளைத் தகர்த்தவர் என்பது அவர் கருத்து.

பேசும் படம் வந்தபிறகு நந்தனார் திரையிலும் தோன்றினார். 1935ஆம் ஆண்டில் வந்த படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் நடித்தார்கள். சுந்தராம்பாளுக்கு ஒரு லக்ஷம் ரூபாய் ஊதியம் என்ற செய்தி அந்நாளில் நாடெங்கும் பேச்சாயிற்று. 1942ஆம் ஆண்டில் ஜெமினி ஸ்டூடியோ எடுத்த படத்தில் எம். எம். தண்டபாணி தேசிகர் நந்தனார். செருகளத்தூர் சாமா வேதியர். இரண்டு படங்களிலும் நாற்பது வேலிக் கதை உண்டு. சேக்கிழார் சொல்லாத அந்த வேதியர், புராணத்தில் உள்ளவர்போலவே ஜனங்கள் மனத்தில் குடியேறிவிட்டார். அவர் கற்பனை என்று சொன்னால் நம்பாதவர்களும் உண்டு.

நெருப்பும் நீதியும்

இவ்வளவு புகழ்ந்தபின் ஒரு கேள்வியை ஒளித்துவைப்பது நியாயமன்று. வேதியர் மனம் மாறியது எதனால்? ஒரே இரவில் விளைந்த பயிரைக் கண்டு மாறினார். அற்புதம் நடக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? நந்தன் தில்லைக்குள் போனது எப்படி? நெருப்பில் மூழ்கிப் போனார். நந்தனாகவே உள்ளே போக ஏன் முடியவில்லை? இக்கேள்விகளை இருபதாம் நூற்றாண்டின் எழுத்தாளர்கள் பலர் கேட்டார்கள். இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' என்ற நாடகம் அவ்வாறு கேட்டதே. புராணத்தின் தீயைப் பாரதியார் அணைக்கவில்லை என்பது உண்மை. கதையின் நடுவை மாற்றத் துணிந்தவர் முடிவை மாற்றத் துணியவில்லை.

அந்தத் தீ கதையோடு போகவும் இல்லை. பாரதியார் பிறந்த அதே நாகை வட்டாரத்தில், கீழ்வெண்மணி என்ற கிராமத்தில், 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆந் தேதி இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதுவும் மார்கழி மாதம். அங்கே எந்த முனிவரும் தீயிலிருந்து எழுந்து வரவில்லை.

ஆகவே அற்புதத்தை நம்பி இருக்கலாகாது என்பதைத் தேசம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது. 1939ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8ஆந் தேதி, வைத்தியநாதையரின் தலைமையில், மதுரை மீனாக்ஷியம்மன் கோயிலுக்குள் ஹரிஜனங்கள் பிரவேசித்தார்கள். 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. 1950ஆம் ஆண்டில் அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் பதினேழாவது ஷரத்துத் தீண்டாமையை ஒழித்தது. தஞ்சை ஜில்லாப் பண்ணையாட்களுக்குப் பாதுகாப்பாக 1952ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. இவற்றின் வரிசையைப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். கோயில் வாசலுக்கு ஒரு சட்டமும், வயலுக்கு ஒரு சட்டமும் தேவைப்பட்டன. தடை இரண்டு இடத்தில் இருக்கிறது என்பதை, இச்சட்டங்களுக்குச் சுமார் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, நாற்பது வேலியைக் கதைக்குள் கொண்டுவந்தவர் பாடிவிட்டார்.

பாரதியார் சீர்திருத்தக்காரர் அல்லர். அப்படிச் சொல்லிக்கொண்டதும் இல்லை. தில்லைக் கூத்தனிடம் உருகி நின்ற ஓர் ஏழைப் பக்தர் அவர். பிறர் மனம் நோகாமல் பாடி, புகழையும் பொருளையும் தேடாமல் இருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் மறைந்தார். ஆனால் தாம் கண்டதை மறைக்காமல் பாடினார். இலக்கணம் அறிந்தவர்கள் பிழையென்று சொன்னபொழுதும் அந்த வேதியரை அவர் கதையிலிருந்து விலக்கவில்லை. ஒரு கலைஞனிடம் தேசம் எதிர்பார்க்க வேண்டியது இந்த உண்மையைத்தான்.

மார்கழி மாதத்துச் சபைகளிலே 'வருகலாமோ' பாடப்படும்போது நாம் மாஞ்சி ராகத்தின் குழைவை அநுபவித்துத் தலையசைக்கிறோம். அநுபவிக்க வேண்டியதுதான். அதோடு, அது ஒரு மனிதன் இன்னொருவர் வாசலில் நின்று கேட்கும் கேள்வி என்பதையும் நினைவில் வைப்போம். நம் ஊரில், நம் தெருவில், நம் வீட்டு வாசலில் இன்னும் யாராவது அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்களா என்று பார்ப்போம். நிற்பார்களானால், பதில் சொல்லவேண்டியவர் நடராஜர் அல்லர், நாம்தான்.